மல்லி மொட்டுக்குள்ள இருந்த 'கொசு' எதுன்னு காட்டுன லென்ஸு: பத்து மாசம் வச்சுப் பாத்த அனுபவம்

போன பங்குனில ஒரு லென்ஸு வாங்குனேன், ஃபோன் கேமரா மேல கிளிப்பு மாதிரி மாட்டுற மேக்ரோ லென்ஸு, 649 ரூவா, இப்ப தை பொறந்தாச்சு, கணக்குப் பாத்தா பத்து மாசம், அனேகமா தெனமும் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன். எதுக்கு வாங்குனேன், எதுக்கு ஒதவுச்சு, எங்க காலை வாருச்சுன்னு எல்லாத்தையும் எழுதிடறேன், ஏன்னா இத வாங்குறதுக்கு முன்னாடி தமிழ்ல தேடித் தேடிப் பாத்தேன், பூவ அழகா படம் எடுக்குறதப் பத்தித்தான் எல்லாரும் சொல்றாங்களே தவிர தோட்டத்துல பறக்குற பொடிப் பூச்சி எதுன்னு கண்டுபிடிக்க இது ஆகுமா ஆகாதான்னு ஒருத்தரும் சொல்லல.

நம்ம வீடு காரைக்குடிகிட்ட பள்ளத்தூர் பக்கம், பழைய வீடுதான், முகப்பு வளவு ரெண்டாங்கட்டுன்னு தாண்டிப் போனா பின்னாடி தோட்டம், ஐயா காலத்து கெணறு ஒண்ணு, மாமரம் ஒண்ணு, முருங்கை ரெண்டு, மிச்ச எடத்துல 40 செடி குண்டுமல்லி. ஆத்தா வச்ச செடிங்க. அவுகளுக்கு வயசாகிட்டதால இப்ப நான்தான் பாத்துக்குறேன், பூவ பக்கத்துல கட்டி விக்கிற அக்காட்ட குடுத்துடுவோம். போன வருசம் சீசன் ஆரம்பத்துலயே மொட்டெல்லாம் ஒரு மாதிரி ஆகிப்போச்சு, வெள்ளையா நீளமா வர வேண்டிய மொட்டு குட்டையா நின்னு, அடிப்பக்கம் வீங்கி, கத்தரிப்பூ நெறம் ஏறி, ரெண்டு நாள்ல காஞ்சு உதிந்துடுது. அந்த அக்கா கூடையில கொட்டிப் பாத்துட்டு "தம்பி, இதுல பாதி கூட கட்ட முடியாதுப்பா" ன்னாங்க. சாயங்காலம் செடிகிட்ட நின்னா கண்ணுக்கு முன்னாடி பொடிப்பொடியா கொசு மாதிரி எதோ பறக்குது.

டவுன்ல ஒரு மருந்துக் கடைக்குப் போயி, மல்லியில கொசு மாதிரி பறக்குது மொட்டு காயுதுன்னு சொன்னேன். கடையில என்னா பூச்சி, மொட்டுக்குள்ள பிச்சுப் பாத்தீங்களான்னு ஒரு கேள்வி கிடையாது, ஒரு பாட்டில எடுத்து மேசை மேல வச்சுட்டாங்க, வாரம் ஒருக்கா அடிங்கன்னு. நானும் ரெண்டு தடவ அடிச்சேன். மொட்டு கெட்டுப் போறது நிக்கவே இல்ல, ஆனா முருங்கைப்பூவுக்கு வந்துட்டு இருந்த தேனீ நாலஞ்சு நாள் அந்தப் பக்கமே வரல. அதப் பாத்ததும் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. எதுக்கு அடிக்கிறோம்னே தெரியாம அடிக்கிறமே, மொதல்ல இது என்னா பூச்சின்னு பாப்போம்னு அன்னிக்கு ராத்திரிதான் லென்ஸு தேட ஆரம்பிச்சேன்.

பெட்டியில வந்தது சின்ன உருண்டை லென்ஸு ஒண்ணு, கிளிப்பு, சுத்தி லைட்டு வர்ற வளையம், தொடைக்க துணி. வெளம்பரத்துல 100 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருந்துச்சு, அத நம்பாதீங்க. லென்ஸு கணக்கு லேசுதான், 250 மில்லிமீட்டர அந்த லென்ஸோட குவிய தூரத்தால வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துரும், அதாவது 10 மடங்கு லென்ஸுன்னா பூச்சிக்கு 25 மில்லிமீட்டர்ல புடிக்கணும், 20 மடங்குன்னா 12 மில்லிமீட்டர் கிட்ட வந்துடணும். இது சுமார் 20 மில்லிமீட்டர்ல தெளிவா காட்டுது, அப்ப 12 மடங்கு பக்கம்தான். எனக்கு அது போதும், சொல்லப்போனா அதுதான் தோதா இருக்கு, இதுக்கு மேல போனா கை லேசா ஆடுனாலே பூச்சி படத்த விட்டு வெளிய போயிடும், லென்ஸோட நெழலே பூச்சி மேல விழுந்துரும்.

மாட்டுறதுல ஒரு விசயம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு. இப்ப வர்ற ஃபோன்ல பின்னாடி மூணு நாலு கேமரா இருக்குல்ல, லென்ஸ மெயின் கேமரா மேல சரியா உக்கார வைக்கணும், அப்பறம் ஃபோன் தானா மேக்ரோ மோடுக்குப் போச்சுன்னா வேற கேமராவுக்குத் தாவிரும், லென்ஸு மாட்டுனது வீண், அதனால செட்டிங்ஸ்ல அந்த ஆட்டோ மேக்ரோவ நிறுத்தி வச்சிடுங்க. கெட்டியான பேக் கேஸு போட்டிருந்தா கழட்டணும். தள்ளித் தள்ளி வச்சுப் பாத்து, மூலையில கருப்பு வட்டம் போயி நடுவுல வெளிச்சமா வர்ற எடத்துல நிறுத்திக்கணும்.

சரி, மல்லிக்கு வருவோம். லென்ஸு வந்த அன்னிக்கே வீங்குன மொட்ட பத்து பறிச்சுட்டு வந்து வளவுல வெயில் விழுற எடத்துல ஒரு வெள்ளத் தட்ட வச்சு, பிளேடால மொட்ட நீளவாக்குல கீறிப் பாத்தேன். உள்ள அடியில வெளுத்த புழு, ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஒரே மொட்டுல ஏழெட்டு கெடக்குது, காலே இல்ல, தலைன்னு தனியா ஒண்ணும் தெரியல. அதுல ஒண்ணு ஒடம்ப வளைச்சு டப்புன்னு தட்டுல தாவுச்சு பாருங்க, எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. பொண்ணு சென்னையில படிக்கிது, அதுக்கு வீடியோ அனுப்புனேன், "அப்பச்சி, இது மொட்டுப்புழுவா இருக்காது, மொட்டுப்புழுன்னா கால் இருக்கும், கருப்புத் தலை இருக்கும், மொட்டுல ஓட்ட போட்டிருக்கும், நீங்க வேளாண் பல்கலைக்கழகத்து அக்ரிடெக் வெப்சைட்டுல மல்லிய எடுத்துப் பாருங்க" ன்னுச்சு. பாத்தா அங்க இருக்கு, மொட்டு ஈ, கான்டாரினியா மாக்குலிபென்னிஸ்னு பேரு. மொட்டோட அடி வீங்குறது, குட்டையா நிக்கிறது, ஊதா நெறம் ஏறுறது எல்லாம் அப்படியே எங்க செடி. மல்லியில மட்டும் இல்லயாம், வெளிநாட்டுல ஆர்க்கிட் பூ மொட்டுலயும் இது பெரிய தொல்லையாம்.

புழு தாவுறத பாத்தப்பறம்தான் மருந்து ஏன் கேக்கலன்னு வெளங்குச்சு. தாய் ஈ முட்ட வைக்கிறது மொட்டுக்குள்ள, புழு வளர்றதும் மொட்டுக்குள்ள, வளந்ததும் கீழ மண்ணுல குதிச்சு அங்க கூட்டுப்புழுவாகுது. நான் அடிச்ச மருந்து எல மேல, புழு இருந்தது மொட்டுக்கு உள்ளயும் மண்ணுக்குள்ளயும். அதுலேர்ந்து பாட்டில தொடல. வீங்குன மொட்ட தெனம் காலையில பறிச்சு சோப்புத் தண்ணி வாளியில போட்டேன், உதிந்த மொட்ட ஒண்ணு விடாம பொறுக்குனேன், செடிக்கு அடியில மண்ண கொத்தி வெயில் காட்டி வேப்பம் புண்ணாக்கு போட்டேன். மொத பத்து நாள் ஒரு வித்தியாசமும் இல்ல, அலுப்பா இருந்துச்சு, ஒரு மாசம் போனப்பறம் கெட்ட மொட்டு எண்ணிக்கை நல்லா கொறைஞ்சுது, வைகாசில அந்த அக்கா கூட "இந்தத் தடவ பூ சுத்தமா இருக்குப்பா" ன்னாங்க. நவம்பர் கடைசியில தரையிலேர்ந்து ஒன்றரை அடி விட்டு கவாத்து பண்ணேன், வெட்டுன கிளையெல்லாம் தோட்டத்துல போடாம வெளிய கொண்டுபோயிட்டேன். இந்த பங்குனில எப்படி வருதுன்னு பாக்கணும்.

வளந்த ஈயையும் பாக்கணும்னு ஆச, அதுக்கு ஒரு ஊறுகா பாட்டில்ல ஈர மணல் ரெண்டு விரக்கடை போட்டு மேல கெட்ட மொட்ட வச்சு வாய மெல்லிசு துணியால கட்டி நெழல்ல வச்சேன், கிட்டத்தட்ட மூணு வாரம் ஆச்சு வெளிய வர. கொசுவ விட ரொம்பப் பொடிசு, ஒடம்பு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தாப்புல, காலு நீளம், றெக்கையில கருப்புத் திட்டு. ரெண்டே றெக்க, பின் றெக்க இருக்க வேண்டிய எடத்துல குண்டூசித் தலை மாதிரி ரெண்டு குமிழு, அது இருந்தாலே ஈ ஜாதின்னு முடிவு பண்ணிரலாம். மீசைய லென்ஸுல பாக்கணும் நீங்க, பாசிமணி கோத்த மாதிரி உருண்டை உருண்டையா, ஒவ்வொரு மணியச் சுத்தியும் மயிர். றெக்கையில நரம்பு மூணு நாலுதான் ஓடுது. இந்த மூணும் சேந்து இருந்தா அது கால் மிட்ஜ் (gall midge, செடியில வீக்கம் கொண்டுவர்ற பொடி ஈ) குடும்பம், செசிடோமயிடேன்னு சொல்றாங்க. நம்ம நெல்லுல வர்ற ஆனைக்கொம்பன் இருக்குல்ல, பயிரு வெங்காயத்தாள் மாதிரி குழாயா போயிடுமே, அதுவும் இதே குடும்பந்தான், எனக்கு இது தெரிஞ்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு, ஐயா நெல்லு போட்ட காலத்துல பேசிக்கிட்டது காதுல விழுந்திருக்கு, இதே சொந்தக்காரன் மல்லியிலயும் இருப்பான்னு நெனச்சதில்ல. மாமரத்து எலையில கொப்புளம் கொப்புளமா வருதே, அதுவும் இந்தக் குடும்பத்து வேலதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தோட்டத்துல பறக்குறது எல்லாமே மொட்டு ஈ இல்லங்கறதும் இந்த லென்ஸாலதான் தெரிஞ்சுது. மஞ்சள் ஒட்டு அட்ட கட்டி வச்சேன் மொதல்ல, நெறைய ஒட்டுச்சு, ஆனா பசையில றெக்க மடங்கி மீசை ஒட்டி எல்லாம் ஒரே கூழா கெடக்கும், எத்தன வருதுன்னு எண்ணத்தான் அட்ட ஆகும், எதுன்னு பாக்க ஆகாது. அதுக்குப் பதிலா மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டு செடிக்கு அடியில வச்சேன், காலையில பிரஷ்ஷால அள்ளி வெள்ளத் தட்டுல போட்டா றெக்க முழுசா இருக்கும். உசுரோட பாக்கணும்னா சின்ன டப்பால புடிச்சு ஃபிரிட்ஜ்ல அஞ்சு பத்து நிமிசம் வச்சு எடுங்க, கொஞ்ச நேரம் அசையாம நிக்கும், அதுக்குள்ள வீடியோ எடுத்துட்டு நல்லா தெளிவா வந்த எடத்த ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கலாம், ஃபோட்டோவா எடுக்குறத விட எனக்கு இதுதான் சரியா வந்துச்சு, ஏன்னா இந்த லென்ஸுல கூர்மையா தெரியிற ஆழம் ரொம்பக் கொறச்சல், கண்ணு தெளிவா இருந்தா காலு மங்கிடும்.

கீரைக்கு கோகோபீட் போட்ட குரோ பேக் பத்து இருக்கு, தண்ணி ஊத்துனா மண்ணுலேர்ந்து கருப்பா பொடி ஈ கெளம்பும். நான் இதுவும் மல்லி ஈதான்னு நெனச்சிருந்தேன். லென்ஸுல றெக்கையப் பாத்தா நடுவுல ஒரு நரம்பு போயி கவட்டை மாதிரி ரெண்டா பிரியுது, ஒடம்பு கருப்பு, இது ஃபங்கஸ் நேட். இதோட புழுவுக்கு தலை பளபளன்னு கருப்பா இருக்கும், மல்லிப் புழுவுக்கு அது கிடையாது, மண்ணு மேல உருளக்கெழங்கு துண்டு ஒண்ணு கவுத்து வச்சு ரெண்டு நாள் கழிச்சு திருப்பிப் பாத்தா அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும். இதுக்கு மருந்தே வேணாம், ஈரம் அதிகமாப் போனதுதான் காரணம், மேல் மண்ணு நல்லா காஞ்ச பெறகு தண்ணி ஊத்துனேன், கொறைஞ்சிருச்சு. ரொம்ப அதிகமா இருந்தா பிடிஐன்னு ஒரு பாக்டீரியா மருந்து இருக்கு, புழுவ மட்டும் புடிக்கும், நான் அது வரைக்கும் போகல. பாத்ரூம் செவுத்துல அந்துப்பூச்சி மாதிரி மயிரா ஒட்டிக்கிட்டு நிக்கிறது வேற, சாக்கடைக் குழாய் அழுக்குல வளர்றது, குழாய தேச்சுக் கழுவுனா போதும்.

மழை விட்டதும் ஐப்பசில ஊரணிக்கரைப் பக்கம் பொழுது சாயுறப்ப தலைக்கு மேல தூண் மாதிரி ஒரு கூட்டம் சுத்தும் பாத்திருப்பீங்க, எங்க வீட்டு லைட்டுக்கும் அதுதான் வந்து குவியும், காலையில தரையில ஆத்தங்குடிக் கல்லு மேல கூட்டி அள்ளணும். தெருவுல எல்லாரும் கொசு கொசுன்னு பயந்து பொக போடுவாங்க, எதுத்த வீட்டு ஆச்சி டெங்கு வந்துருமோன்னு கதவ சாத்திக்கிட்டே கெடந்தாங்க. அதுல நாலு எடுத்து லென்ஸுல வச்சேன். ஆணுக்கு மீசை ரெண்டும் கிளி எறகு மாதிரி புசுபுசுன்னு இருக்கு, ஆனா கடிக்கிற ஊசி மூக்கு இல்லவே இல்ல, றெக்கையில கொசுவுக்கு இருக்குற மாதிரி செதிலும் இல்ல. உக்காரும்போது முன்னங்கால தூக்கிக்கிட்டு உக்காருது, கொசு பின்னங்காலத்தான் தூக்கும். இது கைரோனாமிட், கடிக்காத மிட்ஜ். இதோட புழுதான் தொட்டித் தண்ணிக்கு அடியில செவப்பா நெளியிறது, நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் மாதிரியே அதுக்கும் இருக்குறதால அந்தச் செவப்பு, காத்து கொறச்சலா இருக்குற சேத்துல கூட பொழைச்சுக்கும், மீனுக்கு நல்ல தீனி. ஆச்சிகிட்ட ஃபோன்ல காட்டி "ஆச்சி, இதுக்கு கடிக்க வாயே இல்ல பாருங்க, இது சில நாள்தான் இருக்கும்" னேன், கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க, "இம்புட்டு அழகா இருக்கேப்பா இது" ன்னாங்க. அவுகளுக்கு டெங்கு கொசு எங்க வளருதுன்னும் காட்டுனேன், மாடியில கெடந்த ஒடஞ்ச வாளித் தண்ணியில மேல தொங்கிக்கிட்டு இருந்த நெளிப்புழு, அத கவுத்து விட்டாங்க.

ஆனா எல்லா பொடிக்கொசுவும் சாது இல்ல. ரெண்டு வீடு தள்ளி செம்மறியாடு வச்சிருக்க அண்ணன் கார்த்திகையில வந்து, "தம்பி, கொட்டாய்ல பொடிசா எதோ கடிக்குதுப்பா, வலையெல்லாம் கட்டிப் பாத்துட்டேன், வலைக்குள்ளயே வந்துருது, கையெல்லாம் தடிச்சுப் போகுது, ஆடு நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குது" ன்னாரு. வலைக்குள்ள வருதுன்னு சொன்னதுமே எனக்கு சந்தேகம், கொசுவலை ஓட்டையில பூந்து வர்ற அளவு பொடிசுன்னா அது கடிக்கிற மிட்ஜா இருக்கலாம்னு. சாயங்காலம் போயி கொட்டாய் லைட்டுக்குக் கீழ சோப்புத் தண்ணித் தட்டு வச்சு அள்ளிப் பாத்தோம். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், றெக்க ரெண்டையும் முதுகு மேல ஒண்ணு மேல ஒண்ணா கத்திரிக்கோல் மாதிரி மடிச்சு வச்சிருக்கு, றெக்கையில சாம்பலும் வெள்ளையுமா புள்ளிப்புள்ளி. இதுதான் கியூலிகாய்டிஸ்னு சொல்ற கடிக்கிற மிட்ஜ். பொட்டதான் கடிக்கும், சாணியும் மூத்திரமும் கலந்த சேத்துல வளரும். இதுதான் செம்மறிக்கு நீலநாக்கு நோய கொண்டுவர்ற பூச்சி, வடகிழக்குப் பருவமழை முடியிற நேரத்துல தமிழ்நாட்டுல அந்த நோய் வர்றதுண்டு, காய்ச்சல் அடிச்சு ஒதடு வீங்கி வாயில புண்ணாயி நடக்க முடியாம போயிடும். மனுசனுக்கு அந்த நோய் வராது. அண்ணன்கிட்ட ஒண்ண தெளிவா சொன்னேன், பூச்சி இருக்குன்னுதான் லென்ஸு காட்டும், ஆட்டுக்கு நோய் இருக்கா இல்லையான்னு கால்நடை டாக்டர்தான் சொல்லணும்னு. மறுநாளே அவரு ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டர கூட்டிட்டு வந்து காட்டி தடுப்பூசிக்கும் கேட்டுட்டு வந்தாரு, ஆடு நல்லபடியா இருக்கு, கொட்டாய் சேத்த வழிச்சு சரளைமண்ணு போட்டுட்டாரு, சாயங்காலத்துல வேப்பெல மூட்டம் போடுறாரு.

இந்த லென்ஸுக்கு நான் ரொம்ப நன்றி சொல்றது மார்கழில நடந்த ஒண்ணுக்கு. பந்தல்ல அவரக்கொடி நல்லா ஓடிப் பூ வச்ச நேரம், கொழுந்து பூரா சாறு உறிஞ்சுற கருப்பு அசுவினிப் பூச்சி. வேப்பெண்ணெ கரைச்சு வச்சுட்டேன், அடிக்கப் போற நேரத்துல பழக்க தோஷத்துல லென்ஸ வச்சு ஒரு கொழுந்தப் பாத்தேன். அசுவினிக்கு நடுவுல ஆரஞ்சு நெறத்துல குட்டிப் புழு ஒண்ணு, அசுவினியோட காலுக்கு அடியில வாய வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்கு, உறிஞ்சி முடிச்ச அசுவினி சுருங்கி கருகுன சக்கையா எல மேல தொங்குது. இன்னொரு கொழுந்த பாத்தா அங்கயும் நாலு. இதுவும் மல்லிய கெடுத்த அதே குடும்பந்தான், அபிடோலெட்டிஸ்னு சொல்ற எனத்துல இப்படி அசுவினிய தின்னே வாழுற புழு இருக்கு, வெளிநாட்டுல பசுமைக்குடில்ல விடுறதுக்குன்னே வளத்து விக்கிறாங்க. கரைச்ச வேப்பெண்ணெய அப்படியே ஓரமா வச்சுட்டேன். தெனம் அந்தக் கொழுந்தையே போயிப் போயிப் பாத்தேன், பத்து நாளுக்குள்ள அந்தப் பக்கக் கொடியில அசுவினி சக்கைதான் கெடந்துச்சு, அவர பொங்கலுக்குக் காய்ச்சுது. ஒரே குடும்பத்துல ஒண்ணு பூவ அழிக்குது, ஒண்ணு காய காப்பாத்துது, வெறுங்கண்ணுக்கு ரெண்டும் பொடிக்கொசுதான். கடைக்காரர் குடுத்த பாட்டில் ரெண்டையும் ஒண்ணாத்தான் கொன்னிருக்கும்.

எங்க கொறை இருக்குன்னும் சொல்லிடறேன். மொதல்ல வந்த பீஸுல லென்ஸுக்கு உள்ளயே கீறல், மாத்திக் குடுத்தாங்க ஆனா பன்னெண்டு நாள் இழுத்தடிச்சாங்க, மொட்டு கெட்டுக்கிட்டு இருந்த நேரத்துல அது எனக்கு பெரிய எரிச்சல். கிளிப்புல ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு ரெண்டே மாசத்துல பிஞ்சு போச்சு, சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிக்கிட்டேன், அதுக்கப்பறம் வழுக்கல. லைட்டு வளையம் பட்டன் பேட்டரியில ஓடுது, சீக்கிரம் மங்கிடும், அந்த லைட்டுல ஈயோட ஒடம்பு பளபளன்னு அடிச்சு புள்ளியே தெரியாது, நான் அத கழட்டிட்டு காலை வெயில்ல வெள்ளப் பேப்பர வச்சு வெளிச்சத்த திருப்பி விடுறேன், அதுதான் நல்லா இருக்கு. ஓரத்துல ஊதா பச்சைன்னு நெறம் பிரியும், பூச்சிய எப்பவும் நடுவுலயே வைக்கணும்.

பெரிய கொறை ஒண்ணு லென்ஸுதுன்னு சொல்ல முடியாது, பூச்சியோடது. இந்த 12 மடங்குல எந்தக் குடும்பம்னு நிச்சயமா சொல்லலாம், எந்த எனம்னு சொல்றது கஷ்டம், கால் மிட்ஜ்ல எனத்த பிரிக்கணும்னா கண்ணாடிச் சில்லுல ஏத்தி மைக்ரோஸ்கோப்புல மீசை மணிய எண்ணிப் பாக்கணும். ஆனா தோட்டக்காரனுக்கு எந்தச் செடி, எந்த எடம், என்னா சேதம்னு மூணையும் சேத்துப் பாத்தா முக்காவாசி வெளங்கிரும். நான் படத்த ஐநேச்சுரலிஸ்ட் ஆப்புல போடுறேன், 2008ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, உலகம் பூரா பூச்சி தெரிஞ்சவங்க பாத்து பேரு சொல்றாங்க, வீடு இருக்குற எடம் தெரிய வேணாம்னா மறைச்சும் போடலாம். றெக்க மேலேர்ந்து ஒண்ணு, மீசை தெரியிற மாதிரி பக்கவாட்டுல ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்கேல், எந்தச் செடிங்கிற வெவரம், இந்த நாலும் இருந்தா பதில் வருது, மங்கலா ஒரே படம் போட்டா மாசக்கணக்குல அப்படியே கெடக்கும். பூச்சிய சானிடைசர் ஊத்துன சின்னக் குப்பியில போட்டு தேதி செடி பேரு எழுதி வச்சுக்கங்க, பின்னால யாராச்சும் வேளாண் அதிகாரி கேட்டா காட்டலாம்.

ஃபோன் மாட்டுற தொல்லை வேணாம்னு நெனக்கிறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. காரைக்குடியில நகை ஆசாரி வேலைக்கு சாமான் விக்கிற கடையில மடிக்கிற கைலென்ஸு கெடைக்கும், கல்லு பாக்குறதுக்கு கண்ணுகிட்ட வச்சுக்குவாங்களே அது, 10 மடங்கு, நான் 280 ரூவாய்க்கு ஒண்ணு வாங்குனேன். கண்ணுகிட்ட ஒட்டி வச்சுக்கிட்டு செடிய லென்ஸுகிட்ட கொண்டுவரணும், லென்ஸ செடிகிட்ட கொண்டுபோகக் கூடாது. சட்டைப் பையில போட்டுக்கிட்டு தோட்டத்துல நடக்குறப்ப இது ரொம்ப வசதி, படம்தான் எடுக்க முடியாது, அடுத்தவங்களுக்குக் காட்டவும் முடியாது. எனக்கு ரெண்டும் வேணும், ஒண்ணுதான்னா ஃபோன் லென்ஸ எடுப்பேன், ஆச்சிக்கும் அந்த அண்ணனுக்கும் காட்டுனது அதாலதான முடிஞ்சுது.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், ஒண்ணு கொறைக்கிறது அந்த 100 மடங்கு பொய்க்கும் ஸ்பாஞ்சுக்கும்.

வாங்குறவங்க மழை நாள்ல மட்டும் கவனமா இருங்க, ஐப்பசில பத்து நாள் மேசை டிராயர்ல வச்சுட்டு எடுத்தா கண்ணாடியில பூசணம் பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு, மெல்ல தொடைச்சு எடுத்தேன். இப்ப மூடி இறுக்கமான டப்பாவுல, புது செருப்புப் பெட்டியில வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதுல ரெண்டு போட்டு அதுக்குள்ளதான் வைக்கிறேன்.